சாலைச் சட்டத்தில் ஒளிந்திருந்த பென்ஷன்

2012 ஜூலை 6-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஒபாமா ஒரு நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சுருக்கமாக 'மேப்-21' என்பார்கள். சாலை, பாலம், பொதுப் போக்குவரத்து, மாணவர்களின் கல்விக் கடன் வட்டி என்று பல விஷயங்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, தனியார் முதலாளிகள் நடத்தும் பென்ஷன் நிதியின் கணக்கை எந்த வட்டி விகிதத்தில் போடவேண்டும் என்று ஒரு பகுதி. சாலைக்கும் பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. பணச் சம்பந்தம்.

அந்தச் சலுகையால் பெரிய கம்பெனிகளுக்கு என்ன லாபம் என்பது பத்திரிகைகளில் அடிபட்ட செய்தி. முப்பது, அறுபது பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு முதலாளிக்கும், அவரிடம் காலமெல்லாம் உழைத்தவருக்கும் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பித்தால்தான் விளங்கும்.

நம்மைப் போன்ற அரசு ஓய்வூதியர்களுக்குப் பென்ஷன் என்றால் கருவூலத்திலிருந்து வருவது. நமக்கென்று யாரும் தனியாக ஒரு பெட்டியில் பணம் போட்டு வைக்கவில்லை. இந்த ஆண்டு வரிப் பணத்தில் இந்த ஆண்டு பென்ஷன். பிரான்சில் இன்னொரு வகை: இன்று வேலை செய்கிறவர்களின் சந்தாவை வாங்கி இன்று ஓய்வில் இருப்பவர்களுக்குப் பங்கிடுவது. பிரெஞ்சில் அதற்கு 'ரெப்பார்த்திசியோன்' என்று பெயர். அதற்கு எதிர்ப்பதம் 'கப்பித்தலிசசியோன்'. அதாவது வேலை செய்யும் காலத்திலேயே பணத்தைச் சேர்த்து, முதலீடு செய்து, ஓய்வுக் காலத்தில் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அமெரிக்காவில் அரசின் சோஷியல் செக்யூரிட்டி முதல் வகையைச் சேர்ந்தது. முதலாளி தன் தொழிலாளிக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட பென்ஷன் இரண்டாவது வகை. நம் கதை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. முதலாளி 'நீ ஓய்வு பெற்றபின் மாதம் இவ்வளவு தருவேன்' என்று வாக்குக் கொடுக்கிறார். வாக்கு இன்று, பணம் முப்பது வருஷம் கழித்து. இடையில் பெட்டியில் எவ்வளவு இருக்கவேண்டும்? அதை யார் பார்ப்பது? 1974 வரை இதற்கு வலுவான சட்டம் எதுவும் அங்கே இல்லை.

ஸ்டூட்பேக்கர் என்ற பெயர் பழைய கார்ப் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். 1852-இல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் குதிரை வண்டி செய்ய ஆரம்பித்த குடும்பம் பிறகு கார் கம்பெனியாக வளர்ந்தது. 1963 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அங்கே தொழிற்சங்கத்தோடு பேசி 1950-இல் ஆரம்பித்த ஒரு பென்ஷன் திட்டம் இருந்தது. மூடியபோது பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வாக்குக் கொடுத்த அளவுக்குப் பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும், பத்து வருஷம் சர்வீஸ் முடித்து 60 வயதைத் தாண்டியவர்களுமாக ஏறக்குறைய 3,600 பேருக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. அடுத்த வரிசையில் 40 முதல் 59 வயது வரையிலான 4,000 பேர். சராசரி வயது 52, சராசரி சர்வீஸ் 23 ஆண்டு. அவர்களுக்குச் சேரவேண்டிய மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் மொத்தத் தொகையாகக் கிடைத்தது. மீதி 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, யாரும் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடவில்லை. கம்பெனியும் சங்கமும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பென்ஷனை உயர்த்தினார்கள். பழைய சர்வீசுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அதற்கான பணத்தை முப்பது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிரப்பிவிடலாம் என்று நினைத்தார்கள். அந்த முப்பது வருஷத்தைப் பார்க்கக் கம்பெனி இல்லை. அவ்வளவுதான். தவணை நீளமாக இருந்தால் பள்ளம் மறைந்துவிடுவதில்லை என்பதை 52 வயதில் வேலையும் போய், பென்ஷனும் போய் நின்ற அந்த நாலாயிரம் பேர் தெரிந்துகொண்டார்கள்.

பத்து வருஷம் விசாரணை, குழு, அறிக்கை என்று போயிற்று. நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் விடாமல் பின்தொடர்ந்தார். 1974 செப்டம்பர் 2, அவர்களுடைய தொழிலாளர் தினத்தன்று, அதிபர் ஃபோர்டு 'எரிசா' என்று அழைக்கப்படும் சட்டத்தில் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட வருஷம் வேலை செய்துவிட்டால் பென்ஷன் உரிமையைப் பறிக்க முடியாது. பெட்டியில் குறைந்தபட்சம் இவ்வளவு போட்டே ஆகவேண்டும். கம்பெனி திவாலானால் ஓர் அரசுக் காப்பீட்டு நிறுவனம் ஓர் உச்சவரம்பு வரை பென்ஷனைக் கொடுக்கும். அந்த நிறுவனம்தான் பென்ஷன் பெனிஃபிட் காரண்டி கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.பி.ஜி.சி. இதற்கு அரசு வரிப் பணம் போடாது. முதலாளிகள் கட்டும் பிரீமியத்தில் நடக்கவேண்டும். முதலில் வைத்த பிரீமியம் தலைக்கு ஆண்டுக்கு 1 டாலர். இந்த ஒரு டாலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

எரிசா வந்தபின் 1985 வாக்கில் பி.பி.ஜி.சி. காப்பீட்டில் இருந்த தனி முதலாளித் திட்டங்கள் சுமார் 1,12,000. அவற்றில் பெரும்பாலானவை பெரிய கார் கம்பெனிகளுடையவை அல்ல. நூறு பேருக்கும் குறைவானவை. அச்சகம், இரும்புப் பட்டறை, மரக் கடை, குடும்பத் தொழிற்சாலை. டாக்டர், வக்கீல் அலுவலகங்களும் உண்டு. ஆனால் 25 பேருக்கு மேல் போகாத தொழில்முறை அலுவலகங்களைக் காப்பீட்டில் சேர்க்கவில்லை. பிரீமியமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

சிறு திட்டத்தின் கஷ்டம் என்னவென்றால், விதிமுறைக்கு அளவு கிடையாது. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட ஓர் ஆக்சுவரி வேண்டும்; பத்துப் பேருக்குப் போடவும் ஓர் ஆக்சுவரி வேண்டும். படிவம் அதே படிவம். சட்டத்தை ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் திட்டப் பத்திரத்தையும் திருத்தி எழுதவேண்டும், அதற்கும் வக்கீல் கட்டணம். எண்பதுகளின் நடுவில் வரிச் சட்டங்களை அடுத்தடுத்து இறுக்கியபோது சிறு முதலாளிகள் சாரிசாரியாக வெளியேற ஆரம்பித்தார்கள். தொழிலாளியே சேமித்து, தானே முதலீட்டு ஆபத்தையும் சுமக்கும் 401(கே) கணக்கு அப்போது கைவசம் இருந்தது. அதற்கு மாறிக்கொண்டார்கள். எழுத்து வேலை எவ்வளவு பாரம் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புத் தள்ளியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது வட்டி விகிதத்துக்கு வருகிறேன். நாம் ஓய்வு பெற்றபோது கம்யூட்டேஷன் வாங்கினோம் அல்லவா? பின்னால் மாதாமாதம் வரவேண்டியதில் ஒரு பகுதியை இன்றைய மதிப்புக்கு மாற்றி மொத்தமாகக் கொடுத்தார்கள். அட்டவணையில் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வட்டி விகிதம் இருந்தது. இங்கும் அதே கணக்குத்தான். இருபது வருஷம் கழித்து 100 டாலர் கொடுக்கவேண்டும் என்றால் இன்று பெட்டியில் எவ்வளவு வேண்டும்? 4 சதவீத வட்டி என்று வைத்தால் சுமார் 46 டாலர். 6 சதவீதம் என்று வைத்தால் 31 டாலர் போதும். கொடுக்கவேண்டிய நூறு மாறவில்லை. பெட்டியில் உள்ள பணமும் மாறவில்லை. வட்டி விகிதத்தை மாற்றி எழுதியதும் கடன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, தாளில்.

2001-க்குப் பிறகு எஃகு ஆலைகளும் விமானக் கம்பெனிகளும் திவாலாகி, அவற்றின் பென்ஷன் பாரம் பி.பி.ஜி.சி. தலையில் விழுந்தது. அதனால் 2006 ஆகஸ்ட் 17-இல் 'பென்ஷன் பாதுகாப்புச் சட்டம்' கடுமையாக வந்தது. பெட்டி நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்க வேண்டும். பள்ளம் இருந்தால் ஏழு வருஷத்தில் மூடவேண்டும். வட்டி விகிதம் முதலாளி இஷ்டத்துக்கு அல்ல. நல்ல கம்பெனிகளின் கடன் பத்திரங்களுக்குச் சந்தையில் கிடைக்கும் வட்டியின் 24 மாதச் சராசரி. நிதி 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓய்வு பெறுகிறவருக்கு மொத்தத் தொகை கொடுப்பதில் கட்டுப்பாடு. 60-க்குக் கீழே போனால் புதிதாகப் பென்ஷன் உரிமை சேர்வதே நின்றுவிடும். ஸ்டூட்பேக்கர் கதையைப் படித்தவர் யாரும் இதைத் தவறு என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். இந்த விதிகள் நடைமுறைக்கு வந்தது 2008-ஆம் ஆண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. பங்குச் சந்தை சரிந்தது, பெட்டியில் இருந்த பணம் கரைந்தது. பிறகு மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கியது. கடன் பத்திர வட்டியும் பின்னாலேயே இறங்கியதால் தாளில் கடன் வீங்கியது. ஒரு பக்கம் சொத்துக் குறைய, மறுபக்கம் கடன் ஏற, நேற்றுவரை ஒழுங்காகக் கட்டிவந்த முதலாளிக்கும் பெரிய பள்ளம். அதுவும் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில். பள்ளம் இருந்தால் காலாண்டுக்கு ஒரு தவணை கட்டவேண்டும். ஓர் உதாரணத்துக்கு 60 பேர் உள்ள ஒரு பட்டறைக்கு 7 லட்சம் டாலர் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 1 லட்சம். அந்தக் காலத்தில் அது சில பேருடைய சம்பளம். பென்ஷனைக் காப்பாற்ற ஆளைக் குறைப்பதா, ஆளைக் காப்பாற்றப் பென்ஷனை நிறுத்துவதா?

எனவே சலுகை தேவைப்பட்டது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2008 டிசம்பர் 23-இல் ஒரு சட்டம் சில விதிகளைத் தளர்த்தியது. 2010 ஜூன் 25-இல் இன்னொன்று: இரண்டு வருஷம் வட்டி மட்டும் கட்டி, பிறகு ஏழு வருஷத்தில் அசலை மூடலாம், அல்லது 15 வருஷத்தில் மூடலாம். சலுகை வாங்கிக்கொண்டு மேலதிகாரிகளுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தாலோ, பங்குதாரர்களுக்கு அளவுக்கு மீறி டிவிடெண்டு கொடுத்தாலோ கூடுதலாகக் கட்டவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நல்ல நிபந்தனை. ஆனால் அந்தச் சட்டத்தின் முழுப் பெயரைப் பார்த்தால் பாதிப் பெயர் பென்ஷனைப் பற்றியது இல்லை. முதியோர் மருத்துவக் காப்பீட்டில் டாக்டர்களுக்குக் கட்டணம் குறையாமல் இருப்பதைப் பற்றியது. பென்ஷன் சலுகை தனியாக நடக்கமாட்டாமல் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தது அப்போதுதான்.

தோளைப் பிடித்தது யார் என்று பார்த்தால் விஷயம் தலைகீழ். பென்ஷன்தான் மற்றவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. முதலாளி பென்ஷன் பெட்டியில் போடும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. 'குறைவாகப் போட்டால் போதும்' என்று சட்டம் சொன்னால் அவர் குறைவாகப் போடுவார். லாபம் அதிகமாகத் தெரியும். வரி அதிகமாக வரும். இது அரசுக்கு வருமானம். பின்னால் ஒரு நாள் அவர் விட்டதைச் சேர்த்துக் கட்டும்போது வரி அதே அளவு குறையும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தின் வரவு செலவைப் பத்து வருஷத்துக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பத்து வருஷத்துக்குள் வருவது வரவு. அதற்குப் பின்னால் போவது கண்ணில் படாது.

சாலைக்கு ஏன் இந்தப் பணம்? நெடுஞ்சாலை நிதிக்கு வருமானம் பெட்ரோல் வரி. காலனுக்கு 18.4 சென்ட். இது 1993-இல் வைத்தது. விலைவாசி ஏறியும் அதை உயர்த்த எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. வரி என்ற சொல்லைச் சொல்லாமல் பணம் வேண்டும். பென்ஷன் கணக்கில் வட்டி விகிதத்தை மாற்றினால் பணம் வருகிறது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, முதலாளிகள் நன்றி வேறு சொல்கிறார்கள். 2012-இல் மேப்-21 செய்தது இதைத்தான். 24 மாதச் சராசரியை 25 வருஷச் சராசரியோடு ஒப்பிட்டு, அதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று வரம்பு கட்டியது. 25 வருஷத்துக்கு முன்னால் வட்டி அதிகம்; ஆகவே சராசரி அதிகம்; ஆகவே தாளில் கடன் குறைவு. இந்த வரம்பு மெல்ல மெல்லத் தளரும் என்று முதலில் எழுதினார்கள். 2014 ஆகஸ்ட் 8-இல் மீண்டும் ஒரு நெடுஞ்சாலைச் சட்டம் அதை நீட்டித்தது. அந்தத் தடவை சாலை நிதிக்கு மாற்றிய 1,080 கோடி டாலரில் ஏறக்குறைய 640 கோடி இந்தப் பென்ஷன் கணக்கு மாற்றத்தில் வந்தது என்று மதிப்பிட்டார்கள். 2015 நவம்பரில் மீண்டும். 2021 மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டத்தில் வரம்பை ஐந்து சதவீதமாக்கி, எல்லாப் பள்ளங்களுக்கும் 15 வருஷத் தவணை கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உள்கட்டமைப்புச் சட்டத்தில், அதாவது மறுபடியும் சாலையில், இன்னும் நீட்டித்தார்கள்.

சிறிய திட்டங்களில் இதன் விளைவு ஒரே மாதிரி இல்லை. மிகச் சிறியவை, ஒரு பல் டாக்டரும் மூன்று பணியாளர்களும் இருக்கும் அலுவலகம் போன்றவை, இந்தச் சலுகையை அவ்வளவாகத் தேடவில்லை. அங்கே பென்ஷனில் பெரிய பங்கு டாக்டருடையதே. வரி மிச்சமாவதற்காக அதிகம் கட்டவே அவர் விரும்புவார். சலுகை குறைந்தபட்சத்தைத்தான் குறைத்தது. அதிகம் கட்டுகிறவர் கையைத் தடுக்கவில்லை.

முப்பதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட பட்டறைகளும் குடும்பக் கம்பெனிகளும் வேறு. அவர்களுக்குச் சலுகை உண்மையாகவே மூச்சுவிட இடம் கொடுத்தது. நான் சொன்ன 7 லட்சம் பள்ளத்துக்கு 15 வருஷத் தவணை என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 47 ஆயிரம்தான். வட்டியை மாற்றிப் போட்டதால் தாளில் நிதி 80 சதவீதத்தைத் தாண்டியது. ஓய்வு பெறுகிறவருக்கு மொத்தத் தொகை கேட்டால் கொடுக்க முடிந்தது.

இங்கேதான் ஒரு சூட்சுமம். குறைந்தபட்சத் தவணைக்குத்தான் அந்த உயர்ந்த வட்டி. ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் மொத்தத் தொகையைக் கணக்கிடுவது சந்தை வட்டியில். உயர்ந்த வட்டியில் 31 என்று பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே போகிறவர் 46 எடுத்துக்கொண்டு போவார். ஆயிரம் பேர் இருந்தால் ஒருவர் எடுப்பது தெரியாது. இருபது பேர் இருக்கும் திட்டத்தில் நீண்ட சர்வீஸ் உள்ள இரண்டு பேர் ஒரே ஆண்டில் போனால், மீதி இருக்கிறவர்களுடைய பெட்டியில் அந்த வித்தியாசம் பள்ளமாக விழும். முதலாளியும் அதிகச் சம்பளக்காரர்களும் இப்படி எடுக்கத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சாதாரண ஊழியர் எடுப்பதில் குற்றமும் இல்லை. அவருக்குச் சேரவேண்டியது அது. பின்னால் வரிசையில் நிற்கிறவர் பாடுதான் கஷ்டம்.

பின்னால் நிற்கிறவருக்கு இது தெரியுமா? மேப்-21 இதற்கு ஒரு வழி செய்தது. சலுகையோடு கணக்கு இவ்வளவு, சலுகை இல்லாமல் இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தொழிலாளிக்கு ஆண்டறிக்கையில் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 50 பேருக்குக் குறைவான திட்டங்கள் அந்த அட்டவணையைக் கொடுக்கவேண்டியதில்லை. பள்ளம் 5 லட்சம் டாலருக்கு உட்பட்டிருந்தாலும் வேண்டாம். சிறு முதலாளியின் எழுத்து வேலையைக் குறைக்கத்தான் இந்த விலக்கு என்று புரிகிறது. ஆனாலும் யாருடைய பெட்டி சீக்கிரம் காலியாகுமோ, அவருக்குத்தான் அந்த அட்டவணை போகவில்லை.

இப்போது அந்த ஒரு டாலருக்கு வருகிறேன். மேப்-21 ஒரு கையால் சலுகை கொடுத்து, இன்னொரு கையால் பி.பி.ஜி.சி. பிரீமியத்தை உயர்த்தியது. அதுவும் பட்ஜெட் கணக்கில் வரவு. 2013-இலும் 2015-இலும் வேறு பட்ஜெட் ஒப்பந்தங்களுக்காக இன்னும் உயர்த்தினார்கள். தலைப் பிரீமியம் 2012-இல் 35 டாலர், 2023-இல் 96. இதைத் தவிர, பள்ளத்தில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஒரு கூடுதல் பிரீமியம் உண்டு. அது 9 டாலராக இருந்து 52 ஆயிற்று. நமது அறுபது பேர் பட்டறைக்கு, பிரீமியக் கணக்குப்படி 7 லட்சம் பள்ளம் என்றால், 2012-இல் மொத்தப் பிரீமியம் 8,400 டாலர். அதே ஆட்கள், அதே பள்ளம், 2023-இல் 42,160 டாலர். ஐந்து மடங்கு.

இதைவிட விசித்திரம், அந்தக் கூடுதல் பிரீமியத்தைக் கணக்கிடும்போது சலுகை வட்டி கிடையாது, சந்தை வட்டி. ஆக ஒரே சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம் 'உன் பள்ளம் சின்னது, மெதுவாகக் கட்டு' என்கிறது. அடுத்த பக்கம் 'உன் பள்ளம் பெரியது, அதற்கு அபராதம் கட்டு' என்கிறது. முதல் பக்கத்தை நம்பிக் குறைவாகக் கட்டியவருக்குப் பள்ளம் அப்படியே இருக்கும். இருக்கிறவரை ஆண்டுதோறும் பிரீமியம் உண்டு. அந்தப் பிரீமியம் தொழிலாளியின் பெட்டிக்குள் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். 25 பேருக்கு மேற்படாத முதலாளிக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: ஆட்களின் எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் வரும் தொகைக்கு மேல் கூடுதல் பிரீமியம் இல்லை. பத்துப் பேர் என்றால் 500 டாலரோடு போயிற்று. ஆனால் இருபத்தாறாவது ஆளை வேலைக்கு எடுத்தவருக்கு அந்த நிழல் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்ற பொது உச்சவரம்பு அவருக்கும் உண்டு. ஆனால் அது 2023-இல் தலைக்கு 652 டாலர்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கிராமப்புற மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள், பெண் சாரணர் இயக்கக் கிளைகள், சிறு தர்ம ஸ்தாபனங்கள் போன்றவை பலர் சேர்ந்து ஒரே பென்ஷன் திட்டம் நடத்துகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சின்ன முதலாளிகள். நூறு சங்கம் சேர்ந்த திட்டம் ஒரே நாளில் திவாலாகாது. அவர்களுக்கு லாபமும் இல்லை, வரிச் சலுகை என்ற ஆசையும் இல்லை. 2006 சட்டத்தின் ஏழு வருஷக் கெடு அவர்களுக்குப் பொருந்தாத சட்டை. 2014 ஏப்ரல் 7-இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்து, 2006-க்கு முந்தைய முறையிலேயே கணக்கை வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2019 டிசம்பரில் பிரீமியத்தையும் தலைக்கு 19 டாலர், ஆயிரத்துக்கு 9 டாலர் என்று குறைத்தார்கள். இது சாலைக்காகவோ டாக்டருக்காகவோ செய்த சலுகை அல்ல. அந்தத் திட்டம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துச் செய்தது. அறுபது பேர் பட்டறைக்கு அப்படி யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

பி.பி.ஜி.சி.யின் நிலையையும் பார்ப்போம். 2012-இல் அதன் தனி முதலாளிப் பிரிவில் சுமார் 2,900 கோடி டாலர் பற்றாக்குறை. அப்போது பிரீமியத்தை ஏற்றியதற்கு ஒரு காரணம் சொல்லலாம். 2018-இல் அந்தப் பிரிவு உபரிக்கு வந்துவிட்டது. 2023 செப்டம்பர் முடிவில் உபரி சுமார் 4,460 கோடி டாலர். ஆயிரத்துக்கு 52 என்ற கூடுதல் பிரீமியத்தை மேலே ஏறாமல் 2022 டிசம்பரில் ஒரு சட்டம் நிறுத்தியது. குறைக்கவில்லை. தலைப் பிரீமியம் இன்னும் ஏறிக்கொண்டே போகிறது. குறைத்தால் பட்ஜெட் கணக்கில் அது செலவாகத் தெரியும்.

1985-இல் 1,12,000 இருந்த திட்டங்கள் இன்று நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குச் சலுகைச் சட்டங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வெளியேற்றம் அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது. மிச்சம் இருந்த பலரும் திட்டத்தை உறையவைத்துவிட்டார்கள், அதாவது சேர்ந்த உரிமை சேர்ந்ததோடு நிற்கும், புதிதாகச் சேராது. அப்படி உறையவைத்த திட்டத்துக்கும் தலைப் பிரீமியம் உண்டு. ஆகவே அடுத்த யோசனை, மூடிவிடலாமா என்பது.

மூடும்போது என்ன ஆகிறது என்றால், முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் சேரவேண்டியதை முழுமையாகத் தீர்க்கவேண்டும். மொத்தத் தொகை கொடுக்கலாம். அல்லது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கட்டி அது மாதாமாதம் பென்ஷன் கொடுக்கும்படி செய்யலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி 25 வருஷச் சராசரியைக் கேட்காது. அன்றைய சந்தை விலையைத்தான் கேட்கும். பத்து வருஷம் சலுகைக் கணக்கில் 'நூற்றுக்கு நூறு' என்று அறிக்கை வாங்கி வைத்திருந்த முதலாளி அங்கே போய் நிற்கும்போதுதான் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். குறைவதைக் கையிலிருந்து போட்டால் மூடலாம். போட முடியாவிட்டால் மூடவும் முடியாது. பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். 2022-இல் வட்டி விகிதங்கள் சரசரவென்று ஏறியபோது பல திட்டங்களின் பள்ளம் தானாகவே சுருங்கியது. காத்திருந்த முதலாளிகள் பலர் அந்தச் சந்தர்ப்பத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்குப் பென்ஷன் பத்திரமாகத்தான் இருக்கிறது, கொடுப்பவர் பெயர்தான் மாறிவிட்டது. அதே பட்டறையில் அடுத்த நாள் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு 401(கே) படிவத்தைக் கொடுத்திருப்பார்கள்.

பெட்ரோல் வரி இன்னும் 18.4 சென்ட்தான்.